இனி உங்கள் பதிவுகளை வேறொருவர் பார்ப்பார்

அன்பு மகளுக்கு,

நீ செய்தது அநியாயம். என் அந்துப்பூச்சிகளை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் ஒப்படைத்துவிட்டாய். "இனி உங்கள் பதிவுகளை வேறொருவர் பார்ப்பார்" என்று ஒரே வரி. பழுதுபார்க்க வந்த மோட்டாரைக்கூட நான் அப்படி அடுத்த கடைக்குத் தள்ளியதில்லை. என்னால் முடியாது என்றால் ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்லி அனுப்புவேன்.

இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் அம்மாவுக்கு முட்டிவலி வருகிறது, போகிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, கோபம் மட்டும்தான். மழை பிடித்ததிலிருந்து பட்டறைக்குத் தண்ணீரில் நனைந்து எரிந்த பம்பு மோட்டார்களாக வந்து குவிகின்றன. கம்பி சுற்றிக்கொண்டே இந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன். இப்போது தாளில் இறக்குகிறேன். போனில் பேசிவிட்டால் என்ன என்று உன் அம்மா கேட்கிறாள். வீட்டைவிட்டுப் போனதிலிருந்து நீ அவளுக்குத்தான் போன் செய்கிறாய். அப்பாவிடம் கொடு என்று நீ சொன்னதில்லை, இங்கே கொடு என்று நானும் சொன்னதில்லை. ஆகவே கடிதம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பூச்சியைப் படம் எடுத்துப் பெயரோடு அனுப்பச் சொல்கிற உங்கள் பதிவுத் தளத்தில் நான் சேர்ந்தது உனக்காக அல்ல. காலையில் பால் வாங்க இறங்கும்போது படிக்கட்டு விளக்கைச் சுற்றிச் சுவரெல்லாம் பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். தினமும் பார்க்கிற ஒன்றின் பெயர் தெரியாமல் இருப்பது எனக்குப் பிடிக்காது. சேர்ந்தேன். பெயர் கேட்ட இடத்தில் 'படிக்கட்டு' என்று போட்டேன். இந்தப் பகுதிக்கு வரும் பதிவுகளைச் சரிபார்ப்பவள் நீ என்பது தற்செயலாகத் தெரியவந்தது. இந்த இடத்தைப் படித்துவிட்டு உன் அம்மா சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

மோட்டார் வேலையை நான் யாரிடமும் கைகட்டி நின்று கற்றதில்லை. எரிந்ததைப் பிரித்து, எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்று பார்த்துப் பார்த்துக் கற்றேன். பூச்சியும் அப்படித்தான் வசப்படும் என்று நினைத்தேன். புத்தகத்தைப் புரட்டி, நிறம் ஒத்துப்போகிற படத்தைக் கண்டுபிடித்து, பெயரை எழுதி அனுப்பினேன். நீ என்ன எழுதினாய்? "ஐயா, பின்னிறக்கை தெரியவில்லை. இந்த நிறத்தில் பல வகைகள் உண்டு. உறுதிசெய்ய இயலாது." உட்கார்ந்திருக்கிற பூச்சி முன்னிறக்கையால் பின்னிறக்கையை மூடிக்கொண்டிருக்கிறது. நான் என்ன, தூக்கிக் காட்டு என்று அதனிடம் கெஞ்சவா?

அடுத்தது ஒரு வெளிறிய பூச்சி. எந்தப் புத்தகத்திலும் இல்லை. புதிய வகை என்றே எழுதினேன். வயதாகி இறக்கைச் செதில் உதிர்ந்துபோன பூச்சி என்றாய். வேறொரு நாள், உருவம் ஒன்றாகவும் நிறம் வேறாகவும் இருந்த இரண்டை இரண்டு வகை என்று அனுப்பினேன். ஆணும் பெண்ணும் என்றாய். அடுத்தடுத்த காலைகளில் மூன்று பூச்சிகளை அனுப்பினேன். "ஐயா, மூன்று நாளும் வந்திருப்பவர் ஒருவரே. இடது இறக்கையின் கிழிசலைப் பாருங்கள்" என்று எழுதினாய். பார்த்தேன். கிழிசல் இருந்தது. அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

நீ கேட்டதையெல்லாம் செய்தேன். பூச்சியின் பக்கத்தில் அளவுகோல் வைத்தேன். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எனப் படம் எடுத்தேன். துடிக்கிற பூச்சியை டப்பியில் போட்டுச் சற்று நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் அடங்கும் என்று நீ சொன்னதை நம்பி வைத்தேன். உன் அம்மா உப்பு டப்பி என்று நினைத்துத் திறந்துவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. இவ்வளவு பாடுபட்டும் நீ பத்தில் ஒன்றைக்கூட ஒப்புக்கொள்ளவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெரிய பூச்சி வந்தது. இறக்கைக்கு ஒரு கண் வரைந்தது போல, உள்ளங்கை அகலத்தில். ஒரு வாரம் புத்தகத்தோடு மல்லுக்கட்டி, ஒவ்வொரு கோடாக ஒப்பிட்டு, முதல் தடவையாக நிறத்தை நம்பாமல் கோட்டை நம்பி எழுதினேன். "படம் மங்கல்" என்று தள்ளிவிட்டாய். எனக்குப் பொறுக்கவில்லை. அதற்குக் கீழேயே எழுதினேன்: "நான் உன் அப்பன். நீ அ, ஆ எழுதியது நான் கையைப் பிடித்து. எனக்கே பாடம் நடத்துகிறாயா?"

தளத்தில் இருப்பவர் எல்லோரும் படித்திருக்கிறார்கள். பலர் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள். மறுநாள் உன்னுடைய அந்த ஒற்றை வரி வந்தது. சொந்தக்காரரின் பதிவைச் சொந்தக்காரர் சரிபார்க்கக் கூடாது என்பது உங்கள் விதியாம். நான் எழுதியதில் ஒரு பொய் உண்டா? நான் உன் அப்பன் இல்லையா? இல்லாத ஒன்றைச் சொல்லியிருந்தால் தண்டிக்கலாம்.

இதை உன் அம்மாவிடம் சொல்லிக் குமுறியபோதுதான் அவள் மெதுவாக ஒன்றை அவிழ்த்துவிட்டாள். "அந்தப் படிக்கட்டுப் பச்சை டைல்ஸ் மேல ஆணியால கோடு போட்டுத் திட்டு வாங்குனவ அவ. முதல் படத்துலயே அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் தெரியாத மாதிரி பதில் போட்டுக்கிட்டு இருந்தா. நீங்கதான் ஊருக்கே தண்டோரா போட்டீங்க. அதுக்கப்புறம் அவ என்ன பண்ணுவா?"

ஆக, இந்த 'ஐயா' யார் என்று தெரிந்தேதான் தள்ளிக்கொண்டிருந்தாய். அது சரி. தெரிந்தும் தள்ளியதில் எனக்கு வருத்தம் இல்லை. ஊருக்குத் தெரிந்த பிறகு கைவிட்டதுதான் கணக்கில் வரவில்லை. ஊருக்குத் தெரியாதவரை விதியை மடக்கிப் பையில் வைத்திருந்தாய் அல்லவா? இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருந்தால் விதிக்கு என்ன மூச்சா முட்டும்?

இப்போது இந்தப் புதிய மனிதர். நல்லவர்தான். அதுதான் தொல்லை. எதை அனுப்பினாலும் "அருமை ஐயா, வாழ்த்துகள்" என்கிறார். நீ மங்கல் என்று தள்ளிய படத்தை ஏற்றுக்கொண்டார். செதில் உதிர்ந்ததை ஏற்றுக்கொண்டார். சென்ற வாரம், பட்டறைச் சுவரில் ஒரு பழுப்புப் பூச்சி, ஓரம் சுருண்டு, மேலே மெல்லிய கறுப்புக் கோடுகளோடு. அளவுகோல் வைத்து, இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பினேன். மத்தியானத்துக்குள் பெயர் சூட்டி, உறுதிசெய்துவிட்டார். மறுநாளும் அது அங்கேயே இருந்தது. அதற்கும் மறுநாளும். விரலால் தொட்டுப் பார்த்தேன். பூச்சியே இல்லை. மோட்டாரில் கம்பி சுற்றுகிற பள்ளத்துக்குள், கம்பிக்கு அடியில் நாங்கள் வைப்போமே, அந்தக் காகிதம். எரிந்த துண்டு ஒன்று பறந்து போய் வார்னிஷ் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நான் பிழை செய்யலாம், கற்றுக்கொள்கிறவன். அவர் செய்யலாமா? உன் கண்ணில் பட்டிருந்தால், "ஐயா, இதற்குக் கால் எங்கே?" என்று கேட்டிருப்பாய். அவர் என் காகிதத்துக்குக் கைதட்டுகிறார். இப்போது என் பட்டியலில் எல்லாவற்றுக்கும் எதிரே பச்சைக் குறி இருக்கிறது, எதையும் நான் நம்பவில்லை. எது பூச்சி, எது குப்பை என்று எனக்கே தெரியவில்லை. முன்பெல்லாம் பாலை வைத்துவிட்டுத் தளத்தைத் திறந்தால் 'ஐயா' என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். எரிச்சலோடு படிப்பேன், அதோடு மறுபடியும் சுவரைப் பார்க்கப் போவேன். இப்போது கைதட்டுகிற பொம்மை இருக்கிறது. அதைப் படிக்க என்ன இருக்கிறது?

பட்டறையை நீ எடுத்து நடத்துவாய் என்று நினைத்திருந்தேன். பூச்சிக்குப் பின்னால் ஓடவா இவ்வளவு படிப்பு என்று நீ வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று கேட்டேன். கேட்டதைக் கேட்கவில்லை என்று சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் பூச்சிக்குப் பின்னால் ஓடுவது எவ்வளவு கடினம் என்று அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நீயாவது சொல்லியிருக்கலாம்.

இனி நடக்க வேண்டியவற்றை எழுதுகிறேன்.

அந்த மனிதர் என் காகிதத்துக்கு வைத்த பெயரை நீக்க வேண்டும். அவர் மனம் நோகாமல் நீதான் சொல்ல வேண்டும், எனக்கு அந்தப் பக்குவம் போதாது. அவர் உறுதிசெய்த மற்றவற்றிலிருந்தும் பச்சைக் குறியை எடுக்கச் சொல், கேள்விக்குறியே போதும். 'நான் உன் அப்பன்' என்ற வரியை நான் எடுக்கமாட்டேன். உங்கள் குழுத் தலைவர் எடுப்பதானால் எடுத்துக்கொள்ளட்டும், சண்டைக்குப் போகமாட்டேன். உன் அறையில் அடுக்கியிருக்கிற கம்பிச் சுருள்களை ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் வெளியேற்ற வேண்டும், இது உன் அம்மாவின் உத்தரவு. மெத்தையை வெயிலில் போடுவது அவள் பொறுப்பு, வெளியே தூக்கிச் செல்வது என் பொறுப்பு.

மிச்சம் உன்னுடையது. சொந்தக்காரர் அனுப்புகிற படத்தைச் சரிபார்க்கக் கூடாது என்பதுதான் விதி. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தேன். சொந்தக்காரரின் பக்கத்தில் நின்று சுவரில் இருக்கிற பூச்சியைப் பார்க்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. ஆகவே லீவு சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியது நீ. வந்து பார்க்க வேண்டியது நீ. தப்பு என்றால் தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதும் நீதான். நான் வாதாடுவேன், அது என் வேலை. நீ விட்டுக்கொடுக்கக் கூடாது, அது உன் வேலை.

யார் முகத்துக்காகவும் தப்பைச் சரி என்று சொல்லாத வாய் உனக்கு ஆயுசு முழுக்க இருக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா