முதுகில் அப்பாவின் பெயர்

என் சுகந்தியக்காவுக்கு,

சரியான களைப்பு. முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து, அப்பாவை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்வந்து, இப்போதுதான் சப்பாத்தைக் கழற்றினேன். நீங்கள் கண்ணை மூடி ஒன்றரை வருடம். உங்கள் பெயருக்கு வருகிற கடிதங்களுக்கு இன்னும் நான்தான் பதில் எழுதுகிறேன்.

போன மாதம் வந்தது வேறு மாதிரிக் கடிதம். எங்கள் பக்கத்துப் பேஸ்போலில் முதன்முதலாக இறங்கிய பெண்களையும் கறுப்பினத்தவரையும் பற்றிப் படம் எடுக்கிறார்களாம். உங்கள் சிநேகிதி அபேனா பந்து எறிய நீங்கள் பிடிக்கிற பழைய வீடியோ அவர்கள் கையில் இருக்கிறது. நீங்கள் இல்லாததால், உங்கள் முகத்தைக் காட்ட அப்பாவின் கையெழுத்து வேண்டுமாம்; கலியாணம் கட்டியிருந்தால் புருஷனிடம் கேட்டிருப்பார்கள். அவர் வைக்காவிட்டால், பந்து பிடிக்கிறவர் போடுகிற கம்பி முகமூடிக்குள் யாரோ ஒருவராகத்தான் நீங்கள் அதில் வருவீர்கள்.

அப்பாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா? "ஆம்பிளையளோட பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன விளையாட்டு?" என்று நின்றவர். நீங்கள் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போனீர்கள். "முகமூடி இருக்கடி, ஒரு தமிழ்ச்சனத்துக்கும் தெரியாது" என்றீர்கள். இங்கே கடதாசியில் எங்களுக்கு அப்பாவின் பெயர்தானே குடும்பப்பெயர். முகத்தை மூடிக்கொண்டு, முதுகில் நாகலிங்கம் என்று தோளுக்குத் தோள் எழுதின சட்டையோடு உள்ளூர்த் தொலைக்காட்சியில் வந்தீர்கள். அடுத்த வெள்ளி கோயில் முழுக்க அதே கதை. அப்பா மூன்று வருடம் உங்களோடு கதைக்கவில்லை. இவ்வளவு கெட்டிக்காரி, சட்டையை ஒருதரம் திருப்பிப் பார்த்திருக்கக்கூடாதா அக்கா?

இந்தமுறையும் இரண்டு தரம் கேட்டேன். "ஏலாது. செத்த பிள்ளையை வச்சு என்ன படம்?" என்றார். எனக்குச் சண்டை பிடிக்கத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை அபேனா வந்தாள். தோளில் ஒப்பரேஷன் செய்திருக்கிறாள். குசினியில் நின்று தேத்தண்ணி குடித்தபடி ஜெர்மன் மொழியில் சொன்னாள்: "முதல் பெண்ணாக, முதல் கறுப்புப் பெண்ணாக இருந்தது எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். தோள் நொந்தது என்கிறேன். அதை மட்டும் வெட்டிவிடுகிறார்கள்."

பிறகு அப்பாவின் பக்கத்தில் இருந்து, படக்காரர் அனுப்பின அந்த வீடியோவைக் கைபேசியில் போட்டாள். அபேனா எறியப் போகிறாள். பார்வையாளர் பக்கத்திலிருந்து சிலர் குரங்குமாதிரிக் கத்துகிறார்கள்.

"ஏன் கத்துறாங்கள்?" என்று அப்பா கேட்டார்.

"அவள் கறுப்பெண்டு, அப்பா."

பந்து பிடிக்கக் குந்தியிருந்த நீங்கள் எழும்பி, முகமூடியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கடைக்குப் போகிறமாதிரி ஆறுதலாக அவளிடம் நடந்து போகிறீர்கள். சத்தம் அடங்கும்வரை அவளோடு நிற்கிறீர்கள். அவ்வளவு சனத்துக்கு முன்னால், திறந்த முகத்தோடு. அன்று அவளிடம் என்ன சொன்னீர்கள்? கேட்டால் அபேனா சிரிக்கிறாள். பின்னேரம் என்ன சாப்பிடலாம் என்று கேட்டீர்களாம். உண்மையா?

அப்பா திரும்பப் போடச் சொன்னார். இன்னொருதரம் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு, கீழே படக்காரர் போட்டிருந்த எழுத்தை விரலால் தொட்டு வாசித்தார்.

"நாகலிங்கம் எண்டு மட்டும் கிடக்கு."

"ஓம் அப்பா. இங்க அப்பிடித்தான் போடுவினம்."

"அது நான். நான் எங்க விளையாடினன்? நான் அவளோட கதைக்காமல் இருந்தனான். பிள்ளையின்ர பேரைப் போடச் சொல்லு."

பேனை கேட்டார். நான் கையைப் பிடிக்கப்போக, வேண்டாமென்று தட்டிவிட்டார். கையெழுத்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது. இரவுச் சாப்பாடு வேண்டாமென்று போய்ப் படுத்தார். உங்கள் காதில் விழவேண்டிய சொல்லை நான்தான் கேட்டேன் என்பது எனக்குத் தாங்கவில்லை அக்கா.

நாளைக்கு வேலைக்குப் போகிற வழியில் அந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவேன். உங்கள் பெயரைப் போட அவர்கள் மறந்தால் திரும்ப எழுதுவேன், எத்தனை களைப்பென்றாலும். படத்தில் உங்கள் முகத்துக்குக் கீழே சுகந்தி என்று வரும்வரை விடமாட்டேன்.

அதே பெயரை முதுகில் சுமக்கிற
உங்கள் தங்கச்சி,
வாசுகி
கெல்சென்கிர்ச்சன்