காலி டாங்கி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் இடுப்பு வலி தேவலையா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நான் துடைத்து வைக்கும் முதலாளியின் குட்டி விமானம் நேற்று ஒரு வயலில் இறங்கிவிட்டது. யாருக்கும் அடியில்லை, பயப்படாதே. கூடுதலாக இரண்டு நண்பர்களை ஏற்ற வேண்டுமென்று, எடைக்காக எரிபொருளைக் குறைத்துப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். பாதி வழியில் எஞ்சின் நின்றுவிட்டது. அவர்கள் எடுத்த வாந்தியை நான்தான் கழுவினேன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தவர் மெக்கானிக் அண்ணனிடம், "எஞ்சினைப் பாத்த லட்சணமாடா இது?" என்று கத்தினார்.

"டாங்கியில சொட்டுகூட இல்ல சார். எஞ்சின் காத்தைக் குடிச்சா ஓடும்?"

உடனே முதலாளி என்னைப் பார்த்து இளித்தார். "பாப்பா, நான் டாங்கி நிரப்பினதை நீ பாத்தேல்ல? விசாரிக்க வர்றவங்ககிட்ட சொல்லிடு."

சொன்னால் பழி முழுவதும் அண்ணன் தலையில் விழும். அந்த இளிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. "நான் பாக்கல சார்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நாளை விசாரிக்க வருகிறார்கள். அவர்களிடமும் இதையேதான் சொல்வேன். சோப்பு அனுப்பச் சொல்ல நினைத்தேன், இப்போது வேண்டாம், இங்கே எனக்கு இனி எத்தனை நாள் வேலையோ. என் பாயை மட்டும் வெயிலில் போட்டு வை. கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன் மகள்