மெக்கானிக்கின் இரண்டாவது முகம்

எடிட்டிங் அறை,
திங்கள் மதியம்.

சிட்டுவின் அப்பாவுக்கு,

நானும் சிட்டுவும் சுகம். நீங்களும் சுகமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் எண்ணுக்குப் போன் செய்தால், இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொல்கிறாள். ஐந்து வாரமாக அவளோடுதான் பேச்சுவார்த்தை. எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் அதையே சொல்கிறாள், என்னைவிடப் பொறுமைசாலி. அதனால்தான் உங்கள் நாடகக் குழுவின் அலுவலக விலாசத்துக்கு இந்தக் கடிதம்.

மூன்று மாதம் என்று சொல்லிப் போனீர்கள். ஒன்பது வருஷம் தொலைக்காட்சித் தொடரில் மெக்கானிக்காக ரப்பர் காது ஒட்டிக்கொண்டு விண்கலத்துக்கு ரிப்பேர் பார்த்த மனிதர், சொந்தக் காதோடு ஒரு மேடையில் நிற்க ஆசைப்பட்டதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பெட்டி கட்டிக் கொடுத்ததே நான்தானே. அப்புறம் குழு இன்னும் இரண்டு மாதம் நீட்டித்திருக்கிறது என்றீர்கள். அப்புறம் இன்னும் கொஞ்சம் என்றீர்கள். வாரம் இரண்டு போன், வாரம் ஒரு போன் ஆயிற்று. பிறகு "இங்க ஒரே சத்தம், அப்புறம் கூப்பிடறேன்" ஆயிற்று. இது எட்டாவது மாதம்.

இங்கே தொடர் ஓடிக்கொண்டிருக்கிறது. பதினான்காவது வருஷம். தளபதிக்கு நான்காவது முகம் வந்துவிட்டது. இந்தப் புதுப் பையனுக்கு வயது இருபத்தாறு. பதினான்கு வருஷமாகக் கப்பலை ஓட்டும் தளபதி பன்னிரண்டு வயதிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாரா என்று ஒரு நேயர் கேட்டு எழுதியிருக்கிறார். பதில் போட ஆளில்லை. மருத்துவருக்கு மூன்றாவது முகம். வந்த நாளிலிருந்து ஒரே முகத்தோடு இருப்பது கப்பலின் பூனையும் மெக்கானிக்கும்தான் என்று ஒப்பனை அறையில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

தளபதியின் முகம் எப்படி மாறியது என்று சிட்டு கேட்டாள். ஏழு வயதாகிவிட்டது, இனி மழுப்ப முடியாது. கப்பலில் மாற்றறை என்று ஒன்று இருக்கிறது, உடம்பு தேய்ந்துபோனவர்கள் அதற்குள் போனால் வேறு முகத்தோடு வெளியே வருவார்கள் என்றேன். வந்த புதிதில் அவர்களுக்கே தாங்கள் யார் என்று தெரியாது, நான் அவனில்லை என்றுதான் சொல்வார்கள். பழகியவர்கள் யாராவது ஓர் அடையாளக் கேள்வி கேட்பார்கள். சரியான பதில் சொல்லிவிட்டால் அவர்தான் இவர். எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "வலிக்குமாம்மா?" என்றாள். இல்லை என்றேன். முதல் தளபதி சினிமாவுக்கு ஓடிப்போனபோது கதாசிரியர் ஒரே மதியத்தில் உட்கார்ந்து கட்டிய கதை அது என்றும், அன்றிலிருந்து வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவரையும் முதல் வாரத்திலேயே மாற்றறைக்குள் நுழையவைத்துப் படம்பிடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள் என்றும் அவளிடம் சொல்லவில்லை. உங்கள் கதவுக் காட்சியும் என் தலைக்குப் பின்னால்தான் இருக்கிறது, மூன்றாவது தட்டில்.

நான்கு மாதமாக உங்களை ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எடுத்து வைத்துவிட்டுப் போன காட்சிகள் எப்போதோ தீர்ந்துவிட்டன. இப்போது கப்பலின் அடித்தளத்தில் ஓயாத பழுது. மெக்கானிக் மேலே வர நேரமில்லை, ஒலிபெருக்கியில்தான் பேசுகிறார். பழைய எபிசோடுகளில் தள்ளுபடியான டேக்குகளிலிருந்து ஒரு "சரி", ஒரு "பாத்துக்கறேன்", ஒரு இருமல் என்று பொறுக்கி எடுத்துத் தைக்கிறேன். முதுகு தெரியும் காட்சிகளுக்கு செட்டு போடும் தச்சர் உங்கள் சட்டையைப் போட்டுக்கொள்கிறார். தோள் அச்சு அசல். நேற்று நடைபாதையில் அந்த முதுகைப் பார்த்துவிட்டு, வீட்டில் உங்களைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டுவிட்டேன். அவர் திரும்பி, "என்ன மேடம், நாற்காலி மறுபடி ஆடுதா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், பாவம், வந்து நன்றாக இருந்த நாற்காலிக்கு ஓர் ஆணி அடித்துவிட்டுப் போனார்.

தயாரிப்பாளர் நல்ல மனிதர், இத்தனை நாள் பொறுத்ததே அதிகம். "இன்னும் எத்தனை நாளைக்கும்மா ஸ்பீக்கர்லயே பேச வைப்பே? ஜனங்க கேக்கறாங்க" என்றார். இந்த மாதக் கடைசி வரை கேட்டு வாங்கியிருக்கிறேன். அதற்குள் வந்துவிடுங்கள். வர முடியாவிட்டால் என்று வருவீர்கள் என்றாவது எழுதுங்கள், அந்த ஒரு தேதியை வைத்துக்கொண்டு நான் சண்டை போடுவேன்.

வெளியே போனால் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள், உங்களுக்குத் தொண்டை உடனே கட்டிக்கொள்ளும்.

உங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்,
சிட்டுவின் அம்மா.


எடிட்டிங் அறை,
புதன், பதினோரு மணி.

சிட்டுவின் அப்பாவுக்கு,

நாடகக் குழு மேனேஜரிடமிருந்து கடிதம் வந்தது. நான் உங்களுக்கு எழுதியதைப் பிரிக்காமல் உங்களிடமே அனுப்பிவிட்டாராம், நல்லது. மூன்று மாதத்தோடு நாடகம் முடிந்து எல்லோரும் ஊர் திரும்பிவிட்டார்களாம். நீட்டிப்பு எதுவும் இல்லையாம். நீங்கள் மட்டும் அங்கேயே இருப்பதாகச் சொல்லி ஒரு விலாசம் கொடுத்திருக்கிறார். "அவர் நலமாக இருக்கிறார், கவலைப்பட வேண்டாம்" என்று முடித்திருக்கிறார். நல்ல மனிதராக இருக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதவில்லை.

அந்த விலாசத்தில் உங்கள் பெயருக்கு மேலே இன்னொரு பெயர் இருக்கிறது. இந்தக் கடிதத்தின் உறையில் அதை எழுதினேன். எழுத்து கோணாமல்தான் வந்தது.

எனக்குத் தெரியாமல் இருந்ததா என்று கேட்டால், என்ன சொல்வது? நான் எடிட்டர். நீங்கள் பேசிய ஒன்பது வருஷமும் என் கையில் இருக்கிறது. போன மாதம் குரல் துண்டு தேடும்போது ஒரு பழைய ஒலிப்பதிவு அகப்பட்டது. மைக்கை அணைக்க மறந்துவிட்டு ஒலிப்பதிவாளரிடம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். "வீட்டுக்குப் போகணும்னு நெனச்சாலே அலுப்பா இருக்குப்பா" என்கிறீர்கள். போன வருஷம், சிட்டுவுக்கு அம்மை போட்டிருந்த வாரம். அன்று நீங்கள் தாமதமாக வந்தது எனக்கு நினைவிருக்கிறது.

அழிக்கலாம் என்றுதான் கை போனது. ஆனால் அந்த வாரத்து எபிசோடில் மெக்கானிக் பேசியே ஆகவேண்டும், என்னிடம் வேறு வார்த்தை மிச்சமில்லை. முதல் இரண்டு சொல்லை மட்டும் வெட்டி எடுத்தேன். பழுதான இயந்திரங்களுக்கு நடுவிலிருந்து, முகம் தெரியாமல், மெக்கானிக் ஒலிபெருக்கியில் "வீட்டுக்குப் போகணும்" என்கிறார். தொடரின் பதினான்கு வருஷத்தில் இப்படி ஒரு நடிப்பு வந்ததில்லையாம், சாக்குப்பை நிறையக் கடிதம். தயாரிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் அறைக்கு வந்தார். சிட்டு அதைக் கேட்டுவிட்டு, அப்பா வரப்போகிறார் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்துவிட்டாள். என் கைவேலை, யாரை நோவது?

இப்போது உங்களிடமிருந்து என் கையில் மீதியிருப்பது பதினொரு விநாடி. அதிலும் ஐந்து விநாடி தும்மல்.

உங்கள் இடத்துக்குப் புது ஆள் வந்துவிட்டார். வானொலியில் நாடகம் போட்டுக்கொண்டிருந்தவர், தணிந்த குரல். முதல் நாளே என் அறை வாசலில் நின்று, "மன்னிச்சுக்கோங்க மேடம், எனக்கும் வேலை வேணும்" என்றார். திட்டலாம் என்றுதான் இருந்தேன். உட்காரச் சொல்லித் தேநீர் வரவழைத்தேன். ரப்பர் காது அவருக்குச் சேரவில்லை, பின்னால் சிவந்து தடித்திருக்கிறது.

வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் கதவுக் காட்சியை வெட்டித் தர வேண்டும். எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது வருஷத்துக்கு முந்திய நீங்கள், கழுத்தெலும்பு தெரிகிறது. கதவு மூடுவதற்கு முன் நேராகப் பார்க்க வேண்டும் என்று டைரக்டர் கத்துகிறார். மூன்று டேக்கிலும் நீங்கள் கேமராவுக்கு இடது பக்கம் பார்த்துச் சிரிக்கிறீர்கள். அந்தப் பக்கம் குறிப்பு நோட்டோடு உட்கார்ந்திருந்தவள் நான். கல்யாணம்கூட ஆகவில்லை அப்போது. இந்தச் சிரிப்பை நான்தான் வெட்டி எறிய வேண்டும், மெக்கானிக் சிரித்துக்கொண்டே போகக்கூடாதாம்.

வேறு யாரிடமாவது கொடுத்துவிடட்டுமா என்று தயாரிப்பாளர் கேட்டார். வேண்டாம் என்றேன். எனக்குக் கோபம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது, ஆனாலும் உங்கள்மேல் இன்னொருவர் கத்திரி படுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வெள்ளிக்கிழமை மாலை வரை காத்திருப்பேன். வெட்டாதே என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், போதும்.

இப்படிக்கு,
உங்கள் எடிட்டர்.


வீடு,
ஞாயிறு காலை.

சிட்டுவின் அப்பாவுக்கு,

வெட்டிக் கொடுத்துவிட்டேன். ஒளிபரப்பாகி ஒன்றரை மாதம் ஆகிறது. நீங்கள் உள்ளே போனீர்கள், கதவு மூடியது, அவர் வெளியே வந்தார். ஜனங்கள் இரண்டு வாரம் திட்டினார்கள், மூன்றாவது வாரம் பழகிவிட்டார்கள். நன்றாகவே நடிக்கிறார்.

உங்களுக்கு இனி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். சிட்டுவின் விஷயம் எனக்குக் கட்டுப்படவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அன்று அவளைத் தொலைக்காட்சி முன்னால் உட்காரவிடாமல் இருந்திருக்கலாம். எத்தனை நாளைக்கு ஒளிப்பது என்று விட்டுவிட்டேன். அவள் அழவில்லை. கதவு மூடியதும் கை தட்டினாள். அப்பா ஏன் வரவில்லை என்பது அவளுக்கு அன்று விளங்கிவிட்டதாம். முகம் மாறியதில் எல்லாம் மறந்துபோய், எங்கேயோ வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதானாம். மறுநாளிலிருந்து வீட்டு மணி அடித்தால் எனக்கு முன்னால் அவள் ஓடுகிறாள். தபால்காரர், குழாய் ரிப்பேர்காரர், மாடி வீட்டு மாப்பிள்ளை, ஆண் என்று யார் வந்தாலும் நிற்க வைத்து ஒரே கேள்வி: "நான் சைக்கிள்லேருந்து விழுந்தப்ப எந்தக் கை ஒடிஞ்சது?" தபால்காரர் கால் என்றார். மாப்பிள்ளை வலது கை என்றார். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவாள். விளையாட்டு என்று நானும் விட்டுவிட்டேன்.

போன சனிக்கிழமை கரண்ட் ரீடிங் எடுப்பவர் வந்தார். புது ஆள், நடுவயது. கேள்வியைக் கேட்டதும் அவர் சிரித்துக்கொண்டே, "இடது கைதானே பாப்பா?" என்றுவிட்டார்.

நான் அடுக்களையிலிருந்து வருவதற்குள் அவரைக் கையைப் பிடித்து இழுத்து உங்கள் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். கட்டிலுக்கு அடியில் புகுந்து உங்கள் வீட்டுச் செருப்பைத் தேடி எடுத்துவந்து அவர் காலில் மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் பதறிப்போய், "நான் மீட்டர் பாக்க வந்தவன் பாப்பா, உங்க அப்பா இல்ல" என்றார். "தெரியும், முதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றாள். அவர் மறுக்க மறுக்க அவளுக்கு உறுதியாகிக்கொண்டே போனது. அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்திருக்க வேண்டும், சொல்லுங்கள். எந்தக் காட்சியையும் எந்த இடத்திலும் நிறுத்துகிற நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவள் தன் நோட்டையெல்லாம் காட்டினாள், எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு மாடியில் இன்னும் நான்கு வீடு பாக்கியிருக்கிறது என்று தயங்கித் தயங்கி எழுந்தார். அவள் தடுக்கவில்லை. "ஞாபகம் வந்ததும் வாங்க" என்று சொல்லி வாசல்வரை போய்க் கையசைத்தாள். அவர் படியேறும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அன்று மாலை அவளை ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனேன். மாற்றறைக் கதவைத் திறந்து, ஒட்டுப்பலகையும் சுவரும் ஒரு துடைப்பமும்தான் உள்ளே இருக்கிறது என்று காட்டினேன். அது படத்துக்காகச் செய்தது, நிஜ அறை அப்பா போன ஊரில் இருக்கிறது என்றாள். உன் அப்பா வேறொரு வீட்டில் இருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். மனிதனுக்கு இருப்பதே இரண்டு கை, யார் வேண்டுமானாலும் ஊகித்துச் சொல்லிவிடலாமே என்று மட்டும் சொன்னேன். அது அவளுக்குச் சட்டென்று புரிந்தது.

நேற்று ஒரு புதுக் கேள்வி தயாரித்திருக்கிறாள். யாராலும் ஊகிக்க முடியாதாம், உங்களுக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியுமாம். ஒரு தாளில் எழுதி, மடித்து, நான்கு பக்கமும் பசை தடவி ஒட்டி என்னிடம் கொடுத்தாள். அம்மா பார்க்கக் கூடாது என்றாள். ஏன் என்றால், "நீ அவருக்கு உதவி பண்ணிடுவே" என்கிறாள்.

அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் பிரிக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், பசை கெட்டியாக இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை.

எனக்கு நீங்கள் எதுவும் எழுத வேண்டாம். எப்போது வருவீர்கள் என்று இனி கேட்கவும் மாட்டேன். அவளுக்கு மட்டும் பதில் எழுதுங்கள், உங்கள் கையெழுத்தில், ஒரு வரி. ஒருவேளை பதில் நினைவுக்கு வரவில்லை என்றால், உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், தெரியாது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒன்றுமே எழுதாமல் இருந்துவிடுங்கள். கடிதம் வழியில் தொலைந்துவிட்டது என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

எங்கிருந்தாலும் நோய்நொடி இல்லாமல் இருங்கள்.

சிட்டுவின் அம்மா.