இரண்டாவது சுயின்ஷி

அல்மாட்டி

அன்புத் தங்கச்சிக்கு,

முதலில் சுயின்ஷி! நல்ல சேதி சொன்னவளுக்குப் பரிசு தராமல் நீ தப்ப முடியாது. என் குட்டி நாய் மொன்ஷாக் பிழைத்துவிட்டாள். முலையில் இருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். இன்று என் தட்டிலிருந்தே குதிரைக்கறியைத் திருடித் தின்றாள், கழுதை.

நாய் டாக்டர் ரவுஷானுக்கு ஒளித்துப் பேசவே தெரியாது.

"இந்தச் சின்ன ஜாதி நாய்ங்களுக்கு இது ரத்தத்துலயே வருதுக்கா. இவ அம்மாவுக்கும் இருந்துச்சா?"

இருந்தது என்றேன்.

"கூடப் பொறந்தவ?"

"அஸ்தானாவுல, என் தங்கச்சிகிட்ட இருக்கா."

"அப்ப உடனே தடவிப் பாக்கச் சொல்லுங்க. பேரைச் சொன்னாலே நோய் வந்துடும்னு நம்ம ஆளுங்க வாயை மூடிக்கிட்டே இருந்துடுவாங்க!"

உன் நாயை இன்றே தடவிப் பார்.

ரவுஷான் சொன்னது வீடுவரை என்கூடவே வந்தது. நம் அம்மா எந்த நோயில் போனாள் என்று நாம் இருவரும் ஒருநாளும் பேசியதில்லை, இல்லையா? மறுநாள் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். படம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. கூடப் பிறந்தவள் உண்டா என்று அங்கேயும் கேட்டார்கள்.

ஆக, இது இரண்டாவது நல்ல சேதி. இதற்குச் சால்வையும் வேண்டாம், சாக்லேட்டும் வேண்டாம். நீயும் போய்க் காட்டிவிட்டு வந்து, என்னிடம் சுயின்ஷி கேள்.

உன் அக்கா