இடது கார்னருக்கு ஓர் ஆள்

செம்பாக்கம்,
ஜூன் 14

அன்புத் தம்பி உதயாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் அறையில் தங்கியிருக்கும் நண்பர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவும் நானும் சுகம். தோத்தாத்ரி சாரின் மருமகன் விடுமுறை முடிந்து மஸ்கட் திரும்புகிறார். அவரிடம் இந்தக் கடிதத்தையும் அம்மா செய்த புளிக்காய்ச்சலையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நான் கபடி என்று வாயெடுத்தாலே உனக்கு டவர் போய்விடுகிறது. அதனால்தான் காகிதம். கோபத்தில் மடித்துப் போட்டாலும் பிறகு எடுத்துப் படித்துவிடுவாய்.

அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சாயங்காலம் ஏரியைச் சுற்றி நடக்கிறாள். நம் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தை இன்னும் மூடவில்லை. ஸ்கூட்டியை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வருகிறேன். தாம்பரம் ஆபீஸில் வேலை எப்போதும் போலத்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் ஏரிக்கரை டீம் இந்த வருடம் முதல் ஆளாகத் தாவீதை எடுத்திருக்கிறது. எடுக்கச் சொல்லிக் கை தூக்கியவள் நான். வேறு யார் வாயாலும் நீ இதைக் கேட்கக் கூடாது என்றுதான் முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

நீ போன பிறகு லீக்கில் முறை மாறிவிட்டது. இப்போது எல்லா ஆட்டக்காரர்களையும் ஒரே பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். போன வருடம் கடைசியில் வந்த டீம் முதலில் ஓர் ஆளை எடுக்கலாம். கடைசியில் வந்தது நாம்தான். டீமுக்கு மூன்று ஓட்டு. கோச் துரைராஜ் சாருக்கு ஒன்று, டீமை நடத்தும் அரிகிருஷ்ணன் அண்ணனுக்கு ஒன்று, ரசிகர்களுக்கு ஒன்று. ரசிகர்களின் ஓட்டை என் கையில் கொடுத்திருக்கிறார்கள். உதயாவின் அக்கா என்பதற்காகத்தான் கொடுத்தார்கள், அது எனக்கும் தெரியும்.

எல்லோரும் ஸ்ரீவத்சனைத்தான் எதிர்பார்த்தார்கள். ராஜகீழ்ப்பாக்கத்துப் பையன், இன்ஜினீயரிங் படிக்கிறான். ரெய்டு போனால் மின்னல். ஒரே ரெய்டில் நாலு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பிய வீடியோ எல்லார் போனிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அரிகிருஷ்ணன் அண்ணன் அவன் பெயரில் பேனருக்கே சொல்லி வைத்துவிட்டார். துரைராஜ் சார் மட்டும் ரெய்டு வருபவனின் காலைப் பிடிக்க இடது கார்னருக்கு ஆள் வேண்டும், அது தாவீதுதான் என்று ஒரே பிடியாக நின்றார். ஆக, என் ஓட்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் என்றாகிவிட்டது.

துரைராஜ் சார் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "வேணாம்னு சொல்றதுன்னா சொல்லும்மா. ஆனா உன் தம்பி அடிபட்ட ஆட்டத்தோட வீடியோவ ஒரு வாட்டி பாத்துட்டு சொல்லு" என்றார்.

பார்த்தேன், உதயா. உன் முழங்கால் போன ஆட்டத்தை நான் அதுவரை திரும்பப் பார்த்ததே இல்லை. நீ போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டுகிறாய், தாவீது கணுக்காலைப் பிடிக்கிறான். அதுவரைதான் எனக்குத் தெரியும். அதற்கப்புறம் நான் மைதானத்துக்குள் ஓடிவந்துகொண்டிருந்தேன். நீ உடம்பைத் திருப்புகிறாய். அவர்கள் டீமில் இன்னொருவன் தாமதமாக வந்து உன் மேல் சாய்கிறான். அவன் பாரம் முழுக்க உன் முழங்காலில் இறங்குகிறது. தாவீது அதற்குள் கையை விட்டுவிட்டான். நடுவரைப் பார்த்துக் கத்துகிறான். உன் மேல் கிடந்தவனைத் தோளைப் பிடித்து இழுத்துத் தள்ளியதும் அவன்தான். இதெல்லாம் உனக்கு முன்பே தெரியுமா? தெரிந்துதான் பேசாமல் இருக்கிறாயா? நான் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை.

தோத்தாத்ரி சார் வீட்டு மொட்டை மாடியில் ரசிகர் கூட்டம் போட்டோம். இடமில்லாமல் பாதிப் பேர் தண்ணீர்த் தொட்டிப் படியில் உட்கார்ந்தார்கள். பஜ்ஜி தீர்வதற்குள் சண்டை வந்துவிட்டது. "ரெய்டர் இல்லாத டீம இன்னாத்துக்குக்கா வந்து பாக்கணும்?" என்று ஒருவன். "முப்பது வயசு ஆவப் போறவன எடுத்துகினு வந்து இன்னா பண்றது, மச்சான்?" என்று இன்னொருவன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "உன் தம்பி கால ஒடச்சவனுக்கு நம்ம ஜெர்சியா? சோத்துலதான் உப்பு போட்டு சாப்புட்றியா?" என்றது. யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை.

என்னை யோசிக்க வைத்தவர் தோத்தாத்ரி சார்தான். "சென்டிமென்ட்ல சொல்லலம்மா, ஆட்டத்த வெச்சு சொல்றேன். அந்த நாளுக்கப்புறம் அவன் கை கணுக்காலுக்குப் போறதே இல்ல. பாதியில திரும்பிடறது. தயங்கற கார்னருக்காக முதல் சான்ஸை வீணாக்கலாமா?" என்றார். அதில் பொய் இல்லை. நானும் பார்த்திருக்கிறேன்.

நான் எழுந்து சொன்னேன். போன வருடம் நாம் பாயின்ட் எடுக்காமல் தோற்கவில்லை. எடுத்தோம். எடுத்ததை எல்லாம் கடைசி நிமிடங்களில் விட்டுக்கொடுத்தோம். வந்தவனெல்லாம் நம் கோட்டுக்குள் உலாவிவிட்டுப் பத்திரமாகத் திரும்பிப் போனான். பிடிக்க ஓர் ஆள் இல்லை. இன்னொரு ரெய்டர் வந்தாலும் இதேதான் நடக்கும். என் தம்பி காலைப் பற்றி நானும் அவனும் பேசிக்கொள்கிறோம், நீங்கள் டீமைப் பற்றிப் பேசுங்கள் என்றேன். உடனே எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

மறுநாள் கோவிலம்பாக்கம் போய்த் தாவீதைப் பார்த்தேன். ஒரு ஜிம்மில் பயிற்சி கொடுக்கிறான். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த எடையைக் கீழே வைத்துவிட்டு நின்றான். திரும்பவும் கணுக்கால் பிடிப்பாயா என்று மட்டும் கேட்டேன். "புடிப்பேன்னு சத்தியம்லாம் பண்ண மாட்டேன்க்கா. புடிக்கணும்னு மனசுல கீது" என்றான். பிடிப்பேன் என்று மார்தட்டியிருந்தால் ஒருவேளை வேண்டாமென்று வந்திருப்பேன்.

ஆள் எடுக்கும் அன்று கை தூக்கினேன். இரண்டுக்கு ஒன்று. அரிகிருஷ்ணன் அண்ணன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்து, "நீ போட்ட ஓட்டு. நாளைக்கு ஊருக்கு நீதான் பதில் சொல்லணும்" என்றார். ஸ்ரீவத்சனை அடுத்ததாகக் கோவிலம்பாக்கம் டீம் எடுத்துக்கொண்டது.

அம்மா என்னோடு பேசுவதில்லை. வீடியோவில் நான் பார்த்ததை அவளிடமும் சொன்னேன். "அவன் பேர இந்த வூட்ல எடுக்காத" என்றாள், அவ்வளவுதான். சாப்பாடு மட்டும் வைக்கிறாள்.

நீ ரயில்வே கபடி டீம் தேர்வுக்குப் போக இருந்த வாரத்தில் உன் முழங்கால் போனது. அதனால் ரயில்வே வேலை கைவிட்டுப் போனதும், நீ மஸ்கட் போனதும் எனக்கு மறக்கவில்லை. மறந்துவிட்டு இதைச் செய்தேன் என்று மட்டும் நினைக்காதே. திட்டுவதானால் திட்டு. ஆனால் பேசு.

உன் அக்கா
ஜெயஸ்ரீ


செம்பாக்கம்,
ஆகஸ்ட் 3

அன்புத் தம்பிக்கு,

உன் பதில் போனில் கிடைத்தது. "வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?" என்று ஒரே வரி. அதற்குப் பிறகு நான் போனில் அனுப்பிய எதையும் நீ திறக்கவில்லை. அதனால் மறுபடி காகிதத்துக்கே வந்துவிட்டேன், இந்தத் தடவை கூரியரில்.

உன் கேள்விக்குப் பதில்: கிடைத்தார்கள். அந்த இடத்துக்கு இவன்தான் சரி என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன், நீயே முடிவு செய்.

முதல் ஆட்டம் தோற்றோம். சாதாரணத் தோல்வி இல்லை. தாவீது மூன்று முறை கணுக்காலுக்குக் குனிந்தான், மூன்று முறையும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். மூன்றாவது முறை நம் கூட்டமே "உதயா, உதயா" என்று உன் பெயரைக் கத்தியது. அவனைக் குத்துவதற்காக உன் பெயர். நீ ஆடும்போது கைதட்டிக் கூப்பிட்ட பெயர் அது.

ஆட்டம் முடிந்ததும் அரிகிருஷ்ணன் அண்ணன் வந்து, அவனை அடுத்த ஆட்டத்தில் உட்கார வைத்துவிடலாம் என்றார். "ஊருக்கு நான்தான் பதில் சொல்லணும்னு நீங்கதானே அண்ணா சொன்னீங்க? நான் இன்னும் சொல்லி முடிக்கல" என்றேன். அடுத்த ஆட்டத்துக்கான பட்டியலில் அவன் பெயர் அப்படியே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால் தாவீது. கையில் ஒரு பை. நம் ஜெர்சியைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறான். கதவைத் திறந்தவள் அம்மா.

அவசரமாக இறங்கியவள் பாதிப் படியில் நின்றுவிட்டேன். இறங்கவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை.

தாவீது தன் பெயரைச் சொன்னான். அம்மா தெரியும் என்றாள். அவன், "என்னால முடியலம்மா. குனிஞ்சா அன்னிக்கு உங்க புள்ள கத்துனதுதான் காதுல கேக்குது. எங்க இன்னொருத்தனுக்கு அப்படி ஆயிடுமோன்னு கை பின்னால வந்துடுது. அக்காகிட்ட இதக் குடுத்துடுங்க" என்றான்.

அம்மா பையை வாங்கவில்லை. திட்டப் போகிறாள், அல்லது அழப் போகிறாள் என்று நினைத்தேன். அம்மா சொன்னது இதுதான், ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன்: "பயந்துகினே பாதி புடிச்சா அவனுக்கும் அடிபடும், உனக்கும் அடிபடும். என் வூட்டுக்காரரு கபடி ஆடுன காலத்துலயும் இதான் சொல்வாரு, என் புள்ளகிட்டயும் இதான் சொல்லிகினு இருந்தேன். புடிக்கறதுன்னா முழுசா புடி. விசிலு அடிச்சா முழுசா வுட்டுடு. நீ அன்னிக்கு வுட்டேன்னு என் பொண்ணு சொன்னா. போ, எடுத்துகினு போ."

உட்காரச் சொல்லவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவன் பையோடு படியிறங்கிப் போனான். அம்மா உள்ளே வந்து, படியில் நின்ற என்னைப் பார்த்து, துணி காயப்போட்டாயா என்று கேட்டாள். கிட்டத்தட்ட ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அம்மா என்னிடம் பேசியது அதுதான்.

நேற்று கோவிலம்பாக்கத்தோடு ஆட்டம். ராஜகீழ்ப்பாக்கம் உள்ளரங்கில் நடந்தது. நிற்க இடமில்லை. ஸ்ரீவத்சன் பிரமாதமாக ஆடினான், பொய் சொல்லக் கூடாது. பாதி ஆட்டம் முடியும்போது அவனே நம்மைத் தனியாகத் தோற்கடித்துவிடுவான் போலிருந்தது. என் பக்கத்தில் நின்றவர்கள் என் காதுபடவே, "இவன எடுத்திருக்கலாம்" என்று பேசிக்கொண்டார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாம் பாதியில் தாவீது ஒருமுறை குனிந்தான். கை போனது. பின்னால் வரவில்லை. ஸ்ரீவத்சன் நடுக்கோட்டை நோக்கி இழுத்த இழுப்பில் தாவீது விரிப்பில் தேய்ந்துகொண்டே போனான், ஆனால் விடவில்லை. நம் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். விசில். அப்புறம் இன்னொருமுறை. கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பிடித்துவிட்டோம்.

கடைசி ரெய்டு அவர்களுடையது. நாம் ஒரு பாயின்ட் முன்னால் இருந்தோம். ஸ்ரீவத்சன்தான் வந்தான். வலது பக்கம் போவது போலக் காட்டிவிட்டு இடது மூலைக்குக் காலை நீட்டினான். நீ அன்று நீட்டிய அதே மாதிரி. நான் கண்ணை மூடவில்லை, உதயா. இந்த முறை முழுவதையும் பார்ப்பது என்று நின்றேன். தாவீது இரண்டு கையாலும் பிடித்தான். பையன் உடம்பைத் திருப்பினான். கார்னருக்குப் பக்கத்தில் நிற்கும் நம் கவர் ஆள் ஓடிவந்தான். அவன் பையன் மேல் விழப் போகிறான் என்று தெரிந்ததும் தாவீது, ஒரு கையைப் பிடியிலிருந்து எடுக்காமலே, தன் தோளைக் குறுக்கே கொடுத்துவிட்டான். பாரம் தாவீதின் முதுகில் விழுந்தது. பையனின் கால் மேல் விழவில்லை. விசில் அடித்தது. விட்டுவிட்டான்.

நம் கூட்டம் குதித்தது. தாவீது குதிக்கவில்லை. மண்டியிட்டு ஸ்ரீவத்சனின் முழங்காலைத் தொட்டுப் பார்த்தான். மடக்கச் சொன்னான், நீட்டச் சொன்னான். கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, நடந்து காட்டச் சொன்னான். பையன் சிரித்துக்கொண்டே நடந்தான். இரு பக்கத்து ஆட்களும் சேர்ந்து கைதட்டியது அப்புறம்தான். தாவீது தன் முதுகைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வெளியே வந்தான்.

தோத்தாத்ரி சார் என்னிடம் வந்து, "நன்னா ஆடினான். ஆனா இன்னும் நிறைய ஆட்டம் பாக்கி இருக்கும்மா. நான் என் அபிப்பிராயத்தை மாத்திக்கல" என்றார். மாற்றிக்கொள்ள வேண்டாம் சார், அடுத்த ஆட்டத்துக்கும் வந்துவிடுங்கள் என்றேன். பின்வரிசைக் குரல்காரன் யாரென்று எனக்கு இன்னும் தெரியாது. அவனும் வந்திருப்பான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா யார் ஜெயித்தார்கள் என்று கேட்கவில்லை. "அந்தப் பையனுக்கு அடி ஒண்ணும் படலியே?" என்றாள். எந்தப் பையன் என்று நான் கேட்கவில்லை. படவில்லை என்றேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நேற்று அரங்கிலிருந்து கிளம்பும்போது தாவீது உன் போன் எண்ணைக் கேட்டான். நான் கொடுக்கவில்லை. அது நீ கொடுக்க வேண்டியது, ஓட்டுப் போட்டு நான் முடிவு செய்யும் விஷயம் இல்லை. அவன் எண்ணை மட்டும் வாங்கி இந்தக் காகிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கூப்பிடு என்று சொல்லமாட்டேன். அவன் இனிமேலும் பிடிப்பான், நான் இனிமேலும் அவன் பக்கம் நின்று கத்துவேன். அதில் மாற்றமில்லை. ஆனால் நான் கத்தும்போதெல்லாம் பக்கத்தில் உனக்கும் ஓர் இடம் விட்டுத்தான் நிற்கிறேன்.

வெயிலில் நின்று வேலை செய்யாதே. மருத்துவர் சொன்ன பயிற்சியை விடாதே, படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள். உன் கால் வலியில்லாமல் நெடுந்தூரம் நடக்க வேண்டும், அந்தத் தூரத்தில் நம் வீட்டு வாசலும் ஒருநாள் வர வேண்டும்.

என்றும் உன் நன்மையே நினைக்கும்
அக்கா ஜெயஸ்ரீ