பாடியே நடக்கும் கூத்தைக் காண ஆழிமுகத்தார்க்கு விடுத்த ஓலை

நலம் பொலிக. மழை முறை தவறாது பெய்க. கடல் மேற்சென்ற கலங்கள் யாவும் கரை சேர்க.

வேங்கை வளநாட்டின் அரியணையில் வீற்றிருந்து, ஏழு துறைமுகங்களுக்கும் மூன்று மலைக்கணவாய்களுக்கும் காவல் பூண்டு, குடிகளின் குறை கேட்பதற்கென்றே வாரத்தில் இரு நாள் அரண்மனை வாயிலைத் திறந்து வைத்திருக்கும் பெருமாட்டி நன்முடித் தேவியாரின் கட்டளைப்படி, திருமுக ஓலைநாயகம் வழுதிநம்பி எழுதுவது. ஆழிமுகப் பட்டினத்து நகரசபைத் தலைவரும், மூன்று தலைமுறையாகக் கூத்துக்களரியைப் பேணி வரும் குடியில் தோன்றியவருமான சாத்தங்கண்டனார் கண்டு, சபையோர் அனைவரும் கேட்குமாறு உரக்க வாசிப்பிக்க. தங்கள் உப்பளங்கள் விளைக. தங்கள் இல்லத்தார் நோயின்றி வாழ்க.

இந்த வளர்பிறை ஐந்தாம் நாள் பிற்பகல், கடலுக்கு அப்பாலுள்ள வலோரா நாட்டுப் பாட்டுக்கூத்துக் குழுவினர் தங்கள் களரியில் ‘விளக்குக் காவலன் மகள்’ என்னும் கூத்தை நடத்தினர். தேவியாரின் சார்பில் நானும் அங்கு அமர்ந்திருந்தேன். அன்று நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். அன்று வர இயலாதவர்களும் இவ்வோலையைக் கேட்பார்கள் என்பதால் மீண்டும் சொல்கிறேன்.

கதையின் முடிவில் காவலன் மகள் இறந்தாள். திரை விழுந்தது. நம் மக்கள் அசையவில்லை. எந்தக் கூத்தாயினும் இறுதியில் மங்கலம் பாடி, ஊரும் உலகும் வாழ்க என்று சொல்லக் கேட்ட பின்னரே எழுவது நம் வழக்கம். சாவோடு முடிந்த கூத்தை அப்படியே விட்டுப் போனால் அந்தச் சாவு வீடு வரை கூட வரும் என்பது நம்மவர் எண்ணம். ஆகவே எண்ணூறு பேரும் மங்கலத்துக்காகக் காத்திருந்தனர். திரைக்குப் பின்னால் கூத்தர்கள் வேறொன்றுக்காகக் காத்திருந்தனர். அவர்கள் நாட்டில் கூத்துப் பிடித்திருந்தால் திரை விழுந்தவுடன் கைதட்டுவார்கள். பிடிக்கவில்லை என்றால் சும்மா இருப்பார்கள். இப்படி இரு புறத்தாரும் ஒருவர் மற்றவருக்காக இரண்டு நாழிகை வாய் திறவாமல் இருந்தோம். கூத்தர்கள் பின்வாயில் வழியே கப்பலுக்குப் போய்விட்ட செய்தி தெரிந்த பிறகுதான் மக்கள் கலைந்தனர். அப்போதும் ஓதுவார் ஒருவரை அழைத்து வந்து மங்கலம் பாடச் செய்த பின்னரே எழுந்தனர்.

அன்று காவலன் மகளாகப் பாடியவர் எலரீனா அம்மையார். இருபது ஆண்டுகளாகப் பதினொரு நாடுகளில் பாடியவர். மறுநாளே அவர் குழுத்தலைவரிடம், தாம் இனிப் பாடப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் நான் கப்பலுக்குச் சென்று அவரைக் கண்டேன். ஒரு நகரத்தில் தம்மீது அழுகிய பழங்களை எறிந்தார்கள் என்றும், அவர்களாவது காது கொடுத்துக் கேட்டதால்தானே எறிந்தார்கள் என்றும், ஒன்றும் செய்யாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த ஊர் இது ஒன்றுதான் என்றும் மொழிபெயர்க்கும் துபாசி வழியாகச் சொன்னார். நான் மங்கலம் பற்றி விளக்கினேன். அதைக் கேட்டதும் அவர், அப்படியானால் அவர்கள் கோபத்தோடு உட்கார்ந்திருக்கவில்லையா என்று கேட்டார். உங்கள் வாயால் மங்கலம் கேட்கத்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்றேன்.

முடிவில் அவர் இசைந்தது இது: வரும் முழுநிலா நாள் பிற்பகல் அதே களரியில், அதே கூத்தை, இன்னும் ஒருமுறை பாடுவார். அன்றும் முன்போலவே நிகழுமாயின், தம் மொழி அறியாதவரிடம் தம் குரல் போய்ச் சேராது என்று முடிவு செய்து, ஊர் திரும்பிப் பாட்டை விட்டுவிடுவார். இதைத் தேவியாரிடம் சொன்னபோது, அந்த அம்மையார் பாட்டை விட்டதற்குக் காரணம் நம் ஊர் என்ற பேச்சு வரலாகாது, எப்படிக் கேட்பது என்று நம்மவருக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்று பணித்தார். அதன் பொருட்டே இவ்வோலை.

பாட்டுக்கூத்து என்பது தொடக்கம் முதல் முடிவு வரை பாட்டாலேயே நடப்பது. அதில் தண்ணீர் கேட்பவனும் பாடித்தான் கேட்பான்; தருபவனும் பாடிக்கொண்டே தருவான். இது முதலில் சிரிப்பை வரவழைக்கும். சிரிப்பதில் தவறில்லை. சிறிது நேரம் பொறுத்திருந்தால், பேச்சில் நடக்கும் கூத்துத்தான் விந்தையாகத் தோன்றத் தொடங்கும்.

அதில் பாடுவது இரு வகை. ஒன்று, பேச்சுக்கு அருகில் நிற்கும் பாட்டு. கதை நடப்பது அதில்தான்: கப்பல் வந்தது, கடிதம் வந்தது, அப்பன் சினந்தான் என்பதெல்லாம் விரைந்து ஓடிவிடும். மற்றொன்று தனிப்பாட்டு. அது தொடங்கியதும் கதை நின்றுவிடும். ஒருவர் நெஞ்சில் ஒரு நொடியில் தோன்றி மறைவதை அரை நாழிகைக்கு விரித்துப் பாடுவார்கள். அன்று காவலன் மகள், போகிறேன் போகிறேன் என்று பாடிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றபோது, தங்கள் தம்பியார் என் காதருகில், நம் ஊர்ச் சுங்கக்காரரும் இப்படித்தான், இதோ வருகிறேன் என்பார், நாற்காலியை விட்டு எழமாட்டார் என்றார். நானும் சிரித்தேன். ஆனால் அவள் கால்கள் போக நினைத்தன, மனம் போக மறுத்தது. பாட்டு முழுவதும் அதைப் பற்றியதே. கால் ஏன் நகரவில்லை என்று பார்ப்பவருக்கு அலுப்பு வரும். மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்பவருக்கு நேரம் போவது தெரியாது.

குரல்களைக் கொண்டே ஆட்களை அறியலாம். ஆண்களில் உயர்ந்த குரல் பெரும்பாலும் காதலனுடையது. அடிவயிற்றிலிருந்து எழும் கனத்த குரல் தந்தையுடையது, அல்லது அரசனுடையது, அல்லது தீயவனுடையது; சில கூத்துகளில் மூன்றும் ஒருவனே. பெண்களில் உச்சத்தில் பாடுபவர் நாயகி. அவரைவிடத் தாழ்ந்த குரல் தோழிக்கோ செவிலிக்கோ உரியது. யாரும் குரலைப் பெருக்க எந்தக் கருவியும் வைத்துக்கொள்வதில்லை. நாற்பது வாத்தியங்களைத் தாண்டி, கடைசி வரிசையில் தூணோரம் நிற்பவர் காது வரை தனிக்குரல் போய்ச் சேர வேண்டும். அதற்காகவே அவர்கள் சிறு வயது முதல் மூச்சைப் பழக்குகிறார்கள்.

மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்களின் நடுவில், சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையில் சிறு கோலுடன் ஒருவர் நின்றார் அல்லவா. அவர் நம்மை மதிக்கவில்லை என்று முதல் வரிசையில் சிலர் முணுமுணுத்தனர். அவர் ஒருவரே மேடையையும் வாத்தியங்களையும் ஒருசேரக் காண்பவர். நம் பக்கம் திரும்பினால் பாடுவோரும் வாத்தியக்காரருமாக அறுபது பேரும் வழி தவறுவார்கள். தாளம் அந்தக் கோலில் இருக்கிறது. ஆதலின் தொடையில் தட்டித் தாளம் போடுவதை வரும் முழுநிலா நாளன்று மட்டும் விட்டுவிட வேண்டும். நம் தாளம் அவர்கள் தாளத்தோடு ஒட்டாது. மெல்லிய இடங்களில் அதுவே பெரிதாகக் கேட்கும்.

தங்கள் குடிக்கென்று ஒரு வழக்கம் உண்டு: பாட்டு மனத்தைத் தொட்டவுடன் எழுந்து சென்று பாடியவர் தோளில் பொன்னாடை போர்த்துவது. அதன் பெருமையை நாடறியும். ஆயினும் முழுநிலா நாளன்று பொன்னாடை தங்கள் மடியிலேயே இருக்கட்டும். பாடுகிறவர் அப்போது எலரீனா அம்மையார் அல்லர், விளக்குக் காவலன் மகள். பகைவர் கலம் கரையை நெருங்கும் வேளையில் அவள் தோளில் ஆழிமுகத்துப் பொன்னாடை எப்படி வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது.

மொழி தெரியாதே என்று தயங்குவோர் பலர். வலோரா நாட்டாரே பாதிச் சொற்களைப் பிடிப்பதில்லை. நீட்டிப் பாடும்போது சொல் கரைந்துவிடுகிறது. அதனால் அவர்கள் கதையை முன்பே தெரிந்துகொண்டு வந்து உட்காருகிறார்கள். நாமும் அவ்வாறே செய்வோம். கதை சிறியது. ஒரு துறைமுகம். அங்கே கலங்கரை விளக்கைக் காப்பவன் ஒருவன். பகைநாட்டுக் கலங்கள் வருகின்றன, இன்று விளக்கு எரியக் கூடாது என்னும் அரச கட்டளையைப் படைத்தலைவன் கொண்டு வருகிறான். அந்தக் கலங்களில் ஒன்றில் துடுப்புப் போடுகிறவன் அவன் மகளின் காதலன். கடலில் புயல் எழுகிறது. விளக்கு எரியாவிட்டால் பாறையில் மோதி அனைவரும் மாள்வர். மகள் விளக்கை ஏற்றுகிறாள். கலங்கள் கரை சேர்கின்றன, பகைவர் இறங்குகின்றனர், தந்தை வீழ்கிறான், அவனுக்கு வந்த அம்பைத் தடுக்கப் போய் அவளும் வீழ்கிறாள்.

மூன்றாம் பகுதியில், ஏற்றுவதா வேண்டாமா என்னும் கட்டத்தில், தந்தையும் மகளும் காதலனும் படைத்தலைவனும் ஒரே நேரத்தில் வெவ்வேறு சொற்களைப் பாடுவார்கள். சபையில் நால்வர் ஒன்றாகப் பேசினால் சந்தை இரைச்சல். இங்கோ நான்கு நெஞ்சங்களும் தனித்தனியே கேட்கும், ஒன்றாகவும் கேட்கும். வேறெந்தக் கூத்திலும் நான் காணாதது இது. அந்த இடத்தில் எவரும் இருமாதிருப்பாராக.

அன்று கடைசி வரிசையில் மீன் விற்கும் வஞ்சி அம்மாள் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன விளங்கிற்று என்று கேட்டேன். அவர் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்: “ஒரு சொல்லும் வெளங்கலைங்க ஐயா. ஆனா அந்தப் பொண்ணு விளக்கை ஏத்தலாமா வேணாமான்னு தவிச்சப்போ, ஏத்திடு தாயின்னு என் வாய் தானா முணுமுணுத்துச்சு. கடல்ல இருக்கிறவன் எந்த ஊர்க்காரனா இருந்தா என்ன?” பக்கத்தில் இருந்த வலைக்காரர், உன் புருஷன் கலம் வரும்போது மட்டும் நீ விளக்கைப் பார்க்கமாட்டாய், வேறு எதையோ பார்ப்பாய் என்று கிண்டல் செய்தார். அதற்கு வஞ்சி அம்மாள், அவர் வருவது விளக்கில் தெரியாது, கள் வாடையில்தான் தெரியும் என்றார். இவரைவிட நன்றாக அக்கூத்தைக் கேட்டவர் அன்று சபையில் இருந்ததாக நான் நினைக்கவில்லை. இதை அம்மையாரிடம் சொன்னபோதுதான் அவர் முழுநிலா நாளுக்கு இசைந்தார்.

இனி முடிவைப் பற்றி. அவள் சாகாதபடி கதையை மாற்றச் சொல்லுமாறு தங்கள் சபையோர் மூவர் தேவியாருக்கு விண்ணப்பம் அனுப்பியிருந்தனர். தேவியார் அதை ஏற்கவில்லை. விருந்தினர் சமைத்துப் படைத்த உணவில் நாம் உப்புப் போடுவதில்லை என்றார். ஆயினும் அம்மூவரின் அச்சம் நியாயமானதே என்பதால், நானே குழுத்தலைவரிடம் மங்கலம் பாட இயலுமா என்று கேட்டேன். அவர் வியந்து, எங்களிடமும் அது உண்டே, உங்கள் மக்கள்தான் அதை நடத்த விடவில்லை என்றார்.

அவர் சொன்னது இது. திரை விழுந்து மக்கள் கைதட்டியதும் திரை மீண்டும் விலகும். அம்பு பட்டு வீழ்ந்த மகள் எழுந்து நிற்பாள். தந்தை எழுந்து நிற்பான். கொன்றவனும் கொல்லப்பட்டவனும் கைகோத்து மேடையின் முன்னால் வந்து, ஊராரைப் பார்த்துத் தலை வணங்குவார்கள். தட்டும் வரை வருவார்கள். தட்டத் தட்டத் திரும்பத் திரும்ப வருவார்கள். அன்று இரண்டு நாழிகை நாம் காத்திருந்தது இதற்குத்தான். இறந்தவர் எழுந்து வந்து நம்மை வணங்குவதைவிடப் பெரிய மங்கலத்தை நம் ஓதுவாரும் பாட முடியாது. அதை வரவழைக்கும் வேலை மட்டும் நம் கையில் விடப்பட்டிருக்கிறது.

ஆகவே தேவியாரின் கட்டளை வருமாறு. முழுநிலா நாள் பிற்பகல் சங்கு ஒலிக்கும் முன் அனைவரும் அமர்க. இவ்வோலையில் சொன்ன கதையை முந்தின நாள் மீன்துறையிலும் உப்பளத்திலும் கடைத்தெருவிலும் படித்துக் காட்டுக. ஒவ்வொரு தனிப்பாட்டின் முடிவிலும் கோல் பிடித்தவர் கையைத் தாழ்த்திய பிறகு கைதட்ட விரும்புவோர் தட்டுக. தாழ்த்தும் முன் வேண்டாம். இறுதியில் திரை விழுந்ததும் முதற் கைதட்டு வஞ்சி அம்மாளுடையதாக இருக்கட்டும். முதல் வரிசையில் தங்களுக்கு அருகில் அவருக்கு இடம் தருக, கூடைக்கும் இடம் தருக. அவரைப் பின்பற்றி ஊரார் தட்டுக. மனத்துக்குப் பிடிக்காதவர் தட்ட வேண்டியதில்லை. அரசாணைக்காகத் தட்டும் கையைப் பாடுகிறவர்கள் உடனே அறிந்துகொள்வார்கள். தங்கள் பொன்னாடைக்கு உரிய நேரமும் அதுவே. அப்போது அவர் எலரீனா அம்மையாராகவே நிற்பார்.

கப்பல் மறுநாள் காலை புறப்படும். வீடு நோக்கித் திருப்புவதா, தெற்கே இன்னும் உள்ள நம் ஆறு துறைமுகங்களை நோக்கித் திருப்புவதா என்று மாலுமி கேட்டதற்கு, முழுநிலா நாள் மாலையில் சொல்கிறேன் என்று அம்மையார் விடை தந்திருக்கிறார்.

வேங்கை முத்திரை இட்டு, தேவியாரின் கைச்சாத்துப் பெற்று, வளர்பிறை ஒன்பதாம் நாள் குதிரைத்தூதர் வசம் விடுத்தது. ஆழிமுகம் கேட்க. கேட்டபடி நடக்க.