பழைய ஒளியில் அனுப்புவது

மார்கழி 26, காலை. செவ்வாயின் நிலா போபோஸ், ஒளி அஞ்சல் நிலையம்.
இருப்பவர்கள்: பொறுப்பாளர் ரொசாரியோ, கருவியாளரான என் வீட்டுக்காரர் சிற்றம்பலம், சமையலும் இருப்புக் கணக்கும் பார்க்கும் நான், மங்கையர்க்கரசி. வேறு யாரும் இல்லை.
திருப்பாவை சொல்லி முடித்தேன். காற்றுச் சுத்திகரிப்பானின் வடிகட்டி பாதிக்கு மேல் கறுத்துவிட்டது. மாற்று வடிகட்டி தை ஆறாம் தேதிக் கப்பலில் வருகிறது.
புதிய ஒளிப்பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. கையேட்டைப் படித்தேன். நம்முடையது ஒரே நிறக் கதிர். இப்போது பல நிறங்களை ஒரே கதிரில் சேர்த்து அனுப்புகிறார்களாம். வாங்கும் கருவி நகத்தளவுச் சில்லுக்குள் வந்துவிட்டது. பழைய ஒளி தை மூன்று வரை இருக்கும்.
தொலைநோக்கி அறையிலிருந்து அவர், ஒலிபெருக்கியில்: "மார்கழியில புதுசா எதையும் ஆரம்பிக்க வேணாம் அரசி. தை பொறக்கட்டும்."
ரொசாரியோ: "நாலு நாள்தானே அக்கா. உங்க சாமியப் பகைச்சுக்கிட்டா எனக்கு யாரு சோறு போடுவா?"

மார்கழி 29, மாலை.
பூமியிலிருந்து: "மற்ற நிலையங்கள் அனைத்தும் மாறிவிட்டதால், பழைய ஒளியை அனுப்பும், பெறும் கருவிகள் முன்கூட்டியே இன்று கழற்றப்படுகின்றன. ஒத்துழைப்புக்கு நன்றி."
'பொறுங்கள்' என்று உடனே அனுப்பினோம். ஒளி போய்ச் சேரவே கால் மணி நேரம். பதில் இல்லை.

தை 1, நல்ல நேரத்தில்.
பொங்கல் வைத்துப் பெட்டியை இயக்கினோம். திரையில்: "அனுமதிச் சாவி பழைய ஒளியில் அனுப்பப்படும். காத்திருக்கவும்."
யாரும் சாப்பிடவில்லை.

தை 6.
புதிய ஒளியில் நாம் பதில் சொன்னால்தான் கப்பல் நிற்கும். இல்லையென்றால் நிலையம் மூடியதாக எண்ணிக் கடந்துவிடும். பழைய கதிரைக் கையால் திருப்பிக் கப்பலின் சன்னலில் அடிக்கலாம் என்று இருவரும் வெளியே போனார்கள்.
அவர், உடை வானொலியில்: "கப்பல் தெரியுது அரசி. விளக்கெல்லாம் போட்டிருக்கான்."
"நிக்குதா?"
"கதிரு சரியா சன்னல்லதான் விழுது. ரொசாரியோ வேற கையாட்டிக்கிட்டே இருக்கான், கிறுக்கன்."
பிறகு: "போவுது."
"காத்து தீர்ந்துடும், உள்ள வாங்க ரெண்டு பேரும்."
"கொஞ்சம் இரு. திரும்பிப் பார்த்தாலும் பார்ப்பான்."
ரொசாரியோ ஏதோ சொல்லிச் சிரித்தது கேட்டது. அதன்பின் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

தை 8 அல்லது 9.
பழக்கத்தில் மூவருக்கு அரிசி போட்டுவிட்டேன். சுடர் காற்றைத் தின்னும் என்று விளக்கேற்றவில்லை. பதிகம் மட்டும், அதுவும் மனதுக்குள். வடிகட்டியைத் தட்டித் தட்டி மாட்டுகிறேன். மூச்சு வாங்குகிறது.
சன்னலிலிருந்து பார்த்தால் இருவரும் தெரிகிறார்கள். ரொசாரியோவின் கை இறங்கவில்லை.

தை
கதிரை உள்ளிருந்தபடியே மறுபடி பூமிக்குத் திருப்பி வைத்திருக்கிறேன். இதுவரை எழுதியது முழுவதும் அதில்தான் திரும்பத் திரும்பப் போகிறது. கல்லூரியிலோ பழைய சாமான் கடையிலோ யாராவது அந்தப் பழைய ஒளிக்கருவிகளைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தால், கம்பெனியிடம் சாவியை வாங்கி இதே ஒளியில் அனுப்புங்கள். அடுத்த கப்பலையாவது நிறுத்தலாம். ஒருவர் இருக்கிறேன். பதில் சீக்கிரம் போடவும்.